வறுமைக் காலத்தில் ஒரு தீவுப் பள்ளிக்கூடம்

 

சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த சில நாட்களில், அஸருத் தொழுகைக்குப் பின் ஒரு சகோதரர் தம் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பையன் நம் மக்தபில் ஓதுகிறவன். எட்டாம் வகுப்பு முடித்திருந்தான். வந்தவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஹஜரத், இவன் படிச்சது போதும்னு நினைக்கிறேன். கடையில ஆள் கேக்குறாங்க. நம்ம மாதிரி ஆளுகளுக்கு மேல்படிப்பு எதுக்கு? காலமும் சரியில்லை." பையன் தலை குனிந்து நின்றான். அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அவர் கூறியது அவருடைய அடுப்படியின் கணக்கு. அந்தக் கணக்கை அறியாமல் உபதேசம் செய்வது எளிது.

அன்று நான் அவருக்குச் சொன்ன பதில் சுருக்கமானது. "காலம் சரியில்லாதபோது படித்தவர்களின் கதை ஒன்று உண்டு, அதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்" என்றேன். அந்தக் கதையைச் சற்று விரிவாக இவ்வாண்டு மலரில் எழுதுமாறு நிர்வாகக் கமிட்டியினர் கேட்டுக்கொண்டதன் பேரில் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

உலகைச் சுருட்டிய மந்தம்

1929ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பங்குச் சந்தை சரிந்தது. அதனைத் தொடர்ந்து உலகெங்கும் பரவிய வணிக வீழ்ச்சியைப் பொருளாதாரப் பெருமந்தம் என்று வரலாற்றாசிரியர்கள் அழைப்பர். ஏறத்தாழப் பத்தாண்டு காலம் அதன் நிழல் உலகின் மீது விழுந்து கிடந்தது. எங்கோ கடல் கடந்த ஒரு நகரத்தில் காகிதத்தின் விலை விழுந்ததற்கும், தாமிரபரணிக் கரையில் நெல்லும் வெற்றிலையும் பயிரிடுகிறவனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு இருந்தது, கொடுமையாகவே இருந்தது.

அன்றைய சென்னை மாகாணத்தில் சில ஆண்டுகளுக்குள் நெல்லின் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. விலை குறைந்தால் வாங்குகிறவனுக்கு நன்மைதானே என்று தோன்றும். ஆனால் விவசாயி செலுத்த வேண்டிய நிலவரி ரூபாய்க் கணக்கில் நிர்ணயிக்கப்பட்டிருந்தது, அது குறையவில்லை. கடனுக்கான வட்டியும் ரூபாய்க் கணக்கில் இருந்தது, அதுவும் குறையவில்லை. முன்பு ஒரு கோட்டை நெல்லை விற்று அடைத்த கடனை இப்போது இரண்டு கோட்டை விற்று அடைக்க வேண்டியதாயிற்று. விளைந்ததை விற்றும் போதாதவர்கள் வீட்டிலிருந்த நகையை விற்றனர். 1931ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்ட பின்னர் தங்கத்தின் விலை உயர்ந்தது. நம் பெண்மக்களின் கழுத்திலும் காதிலும் இருந்த தங்கம் உருக்கப்பட்டுக் கப்பல் கப்பலாக நாட்டை விட்டு வெளியேறியது. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த பொருள் சில ஆண்டுகளில் கரைந்தது.

கடல் கடந்து பிழைக்கச் சென்றவர்களுக்கும் அதே நிலை. ரப்பரின் விலை விழுந்ததால் மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் எடுப்பது 1930இல் நிறுத்தப்பட்டது. அங்கே வேலை இழந்த தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். நம் தெற்குக் கரையோர மக்களுக்கு இரண்டாவது வீடாக இருந்த இலங்கையிலும் தேயிலை, ரப்பர், தேங்காய் ஆகிய மூன்றின் விலையும் வீழ்ந்தன. அங்கிருந்து வரும் பணத்தை நம்பியிருந்த இல்லங்களில் அடுப்பு எரிவது குறைந்தது.

நம் கடலும் அக்காலத்தில் கை கொடுக்கவில்லை. தூத்துக்குடிக் கடலின் முத்துப் பார்களில் 1926, 1927, 1928 ஆகிய மூன்று ஆண்டுகளில் முத்துக்குளிப்பு நடைபெற்றது. அதன் பின்னர் அடுத்த முத்துக்குளிப்பு நடந்தது 1955ஆம் ஆண்டில்தான். இடையே 27 ஆண்டுகள் பார்களில் குளிப்புக்குப் போதிய சிப்பி இல்லை. கொற்கைக் காலம் தொட்டு முத்துக்குப் பெயர் பெற்ற நம் கரை, பெருமந்த காலம் முழுவதையும் முத்து இல்லாமலேயே கடந்தது.

துபாயில் கதவடைத்த ஒரு பள்ளி

இச்சமயத்தில் நம் சகோதரர்கள் பலர் இன்று பணிபுரியும் வளைகுடா நாடுகளையும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது பொருத்தம். எண்ணெய் கிடைப்பதற்கு முன் அந்நாடுகளின் செல்வமும் முத்துதான். பெருமந்தத்தால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் முத்து வாங்குவோர் இல்லாமற்போயினர். போதாக்குறைக்கு ஜப்பானியர் வளர்ப்பு முத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். வளைகுடாவின் முத்து வணிகம் சில ஆண்டுகளில் சரிந்தது.

துபாய் தேராப் பகுதியில் அஹ்மதிய்யா என்னும் பழைய பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. முத்து வணிகக் குடும்பமொன்றின் கொடையால் 1912ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பள்ளி அது. துபாயின் முதல் முறைப்படியான பள்ளிக்கூடம் என்ற சிறப்பும் அதற்கு உண்டு. முத்து வணிகம் வீழ்ந்ததும் அப்பள்ளியை நடத்தப் பணமில்லை; 1932இல் அதன் கதவு சாத்தப்பட்டது. ஐந்தாண்டுகள் கழித்து 1937இல்தான் அரசின் உதவியோடு அது மீண்டும் திறந்தது. அந்த ஐந்தாண்டில் அந்தச் சிறுவர்கள் எங்கே போனார்கள்? ஐந்து வயதில் தொடங்க வேண்டியவன் பத்து வயதில் தொடங்கியிருப்பான். பத்து வயதில் விட்டவன் பின்னர் வந்திருக்க மாட்டான். பள்ளிக் கட்டடம் ஐந்தாண்டு மூடிக்கிடந்து மறுபடியும் திறக்கலாம். பிள்ளையின் வயது அவ்வாறு காத்திருப்பதில்லை.

செல்வச் செழிப்புள்ள அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. வரி வசூல் குறைந்ததால் பல மாநிலங்களில் கிராமப்புறப் பள்ளிகள் ஆண்டு முடியும் முன்பே மூடப்பட்டன. சிக்காகோ நகரத்து ஆசிரியர்கள் மாதக்கணக்கில் சம்பளம் இன்றியும் வகுப்பை விடாமல் நடத்தினர் என்பது அக்கால வரலாறு.

மணலில் எழுதிய எழுத்து

நம் நாட்டில் அன்று பள்ளிக்கூடம் எந்நிலையில் இருந்தது? 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. பெண்களின் நிலையைச் சொல்லவே வேண்டியதில்லை. சென்னை மாகாணத்தில் தொடக்கக் கல்விச் சட்டம் 1920இலேயே இயற்றப்பட்டிருந்தபோதிலும், பெரும்பாலான கிராமங்களில் பள்ளி என்றால் ஒரு கூரை, ஓர் ஆசிரியர் என்ற அளவில்தான். பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே கூடத்தில் தரையில் அமர்ந்திருப்பர். சிறுவர்கள் மணலில் விரல் வைத்து எழுத்தைப் பழகுவர். சற்று வளர்ந்தவர்கள் சிலேட்டில் எழுதி அழிப்பர். காகிதமும் நோட்டும் வசதி படைத்தவர் பொருள். நம் இல்லத்துப் பிள்ளைகள் விடியலில் ஓதப் பள்ளிக்குச் சென்று அலிஃப், பே ஓதிவிட்டு, அதன் பிறகே பள்ளிக்கூடம் செல்வர்.

அத்தகைய ஒரு காலத்தில், அத்தகைய ஒரு சிறு பள்ளியில் பயின்று, பின்னாளில் தம் பள்ளி நினைவுகளைத் தாமே எழுதிவைத்துச் சென்ற ஒருவர் நம் கரையின் வடக்கே, இராமேஸ்வரம் தீவில் பிறந்தார். அவரை அறியாதவர் இந்நாட்டில் இலர். மர்ஹூம் டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்களே அவர். 'அக்னிச் சிறகுகள்' முதலிய தம் நூல்களிலும் சொற்பொழிவுகளிலும் அன்னார் கூறியவற்றைக் கொண்டே மேற்கொண்டு எழுதுகிறேன்.

பள்ளிவாசல் தெரு இல்லம்

கலாம் அவர்கள் 1931ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் பிறந்தார்கள். பெருமந்தம் உச்சத்தில் இருந்த ஆண்டு அது. அன்னார் பள்ளிக்குச் செல்லும் வயதை எட்டியபோது மந்தத்தின் பிற்பகுதி நடந்துகொண்டிருந்தது. அது முடியுமுன் இரண்டாம் உலகப் போர் வந்து சேர்ந்தது. ஆகவே அவர்களின் பள்ளிப் பருவம் முழுவதும் தட்டுப்பாட்டின் பருவமே.

தந்தையார் ஜைனுலாப்தீன் அவர்கள் பெரிய படிப்போ பெரிய செல்வமோ உடையவர் அல்லர். வைகறைத் தொழுகையை முடித்துக்கொண்டு ஏறத்தாழ நான்கு மைல் தொலைவில் இருந்த தம் தென்னந்தோப்புக்கு நடந்து சென்று, ஒரு டஜன் தேங்காய்களைத் தோளில் சுமந்து திரும்புவார்கள். யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லப் படகு ஒன்றையும் கட்டினார்கள். வீட்டில் ஆடம்பரம் எதுவும் இல்லை. ஆயினும் உணவு, உடை, மருந்து ஆகியவற்றுக்குக் குறை வைக்கப்படவில்லை என்றே கலாம் அவர்கள் எழுதுகிறார்கள். தாயார் ஆஷியம்மா அவர்கள் நாள்தோறும் எத்தனை பேருக்கு உணவளித்தார்கள் என்ற கணக்கே தமக்கு நினைவில்லை என்றும், வீட்டாரைவிட வெளியாரே அதிகம் உண்டனர் என்றும் குறிப்பிடுகிறார்கள். தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு வீடு இப்படி இருந்தது என்பதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும்.

சிறுவர் கலாம் பயின்றது அத்தீவின் ஊராட்சித் தொடக்கப் பள்ளியில். நெருங்கிய தோழர்கள் மூவர்: இராமநாத சாஸ்திரி, அரவிந்தன், சிவப்பிரகாசன். மூவரும் வைதிக அந்தணக் குடும்பத்துப் பிள்ளைகள். இராமநாதனின் தந்தையார் லட்சுமண சாஸ்திரிகள் இராமேஸ்வரம் கோயிலின் தலைமைக் குருக்கள். கலாம் அவர்களின் தந்தையாருக்கு உற்ற நண்பர். இருவரும் தத்தம் மரபு உடையிலேயே அமர்ந்து இறைச் சிந்தனையைப் பேசிக்கொண்டிருப்பார்களாம்.

முன்வரிசையும் பின்வரிசையும்

ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது புதிய ஆசிரியர் ஒருவர் வந்தார். முன்வரிசையில் தொப்பி அணிந்த முஸ்லிம் சிறுவனும் பூணூல் அணிந்த குருக்கள் மகனும் அருகருகே அமர்ந்திருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. தொப்பி அணிந்தவனை எழுப்பிக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். கலாம் அவர்களுக்கு வேதனை. அதைவிட வேதனை இராமநாதனுக்கு. தாம் பின்னே செல்லும்போது தோழன் அழுத முகம் தம் நெஞ்சில் என்றும் நிலைத்துவிட்டது என்று எழுதுகிறார்கள்.

பிள்ளைகள் இருவரும் வீட்டில் சொன்னார்கள். லட்சுமண சாஸ்திரிகள் அந்த ஆசிரியரை அழைத்து, பிள்ளைகள் இருந்த இடத்திலேயே கண்டித்தார். பிஞ்சு உள்ளங்களில் பேதத்தின் நஞ்சைப் பரப்பக்கூடாது என்றும், மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையேல் பள்ளியையும் தீவையும் விட்டுச் செல்ல வேண்டும் என்றும் ஒளிவு மறைவின்றிக் கூறினார். ஆசிரியர் வருந்தினார், பின்னர் மாறியும் போனார்.

இங்கே நாம் நிதானித்துச் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அநீதி இழைக்கப்பட்டது நம் பிள்ளைக்கு. அதைத் தட்டிக்கேட்டவர் மறு சமயத்தின் தலைமைக் குருக்கள். தமக்கு நேராத தீங்கைத் தம்முடையதாகக் கருதி எழுந்து நின்றவரை அந்தத் தீவு மறக்கவில்லை. கலாம் அவர்களும் வாழ்நாளின் இறுதி வரை மறக்கவில்லை. நாளை நம் கண் முன்னே மற்றொரு வீட்டுப் பிள்ளை, அவன் எந்தச் சமயத்தவனாயினும் எந்தச் சாதியினனாயினும், கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டால் நாமும் அவ்வாறே எழுந்து நிற்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கரும்பலகையில் ஒரு பறவை

அதே பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற அறிவியல் ஆசிரியர் இருந்தார். ஒருநாள் அவர் கரும்பலகையில் ஒரு பறவையை வரைந்து, அது எவ்வாறு சிறகடித்து மேலெழுகிறது, வாலை எவ்வாறு திருப்பித் திசை மாறுகிறது என்று விளக்கினார். புரிந்ததா என்று கேட்டார். புரியவில்லை என்று சிறுவர் கலாம் உண்மையைச் சொன்னார். வேறு பலரும் அதையே சொன்னார்கள். ஆசிரியர் சினம் கொள்ளவில்லை. மாலையில் வகுப்பு முழுவதையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறந்துகொண்டிருந்த பறவைகளைக் காட்டி மீண்டும் விளக்கினார். பறத்தல் பற்றிய துறையே தம் வாழ்க்கை என்ற எண்ணம் அன்று மாலை விதைக்கப்பட்டது என்று பின்னாளில் நாட்டின் ஏவுகணைத் திட்டங்களை வழிநடத்தியவர் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

அந்தப் பாடத்துக்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. கடற்கரை இருந்தது, பறவைகள் இருந்தன, புரியவில்லை என்று சொல்லும் தைரியம் பிள்ளைக்கு இருந்தது, அதைக் குற்றமாகக் கருதாத ஆசிரியர் இருந்தார். மக்தபில் ஓதிக்கொடுக்கும் என் போன்றவர்களுக்கும் இது பாடம்தான். தெரியவில்லை என்று பிள்ளை சொன்னதற்காகப் பிரம்பை எடுக்கும் கை, அவன் அடுத்த முறை உண்மை சொல்வதைத் தடுத்துவிடும்.

அதே ஐயர் அவர்கள் ஒருநாள் மாணவர் கலாமைத் தம் இல்லத்திற்கு உணவருந்த அழைத்தார். ஆசாரம் மிக்க அவருடைய துணைவியார், தம் சமையலறையில் ஒரு முஸ்லிம் சிறுவனுக்கு உணவு பரிமாற மறுத்தார். ஐயர் கோபப்படவில்லை. தாமே பரிமாறி, தாமும் அருகில் அமர்ந்து உண்டார். விடைபெறும்போது அடுத்த வாரமும் வரும்படி அழைத்தார். மாணவர் தயங்கியதைக் கண்டு, ஒரு வழக்கத்தை மாற்ற முனைந்தால் இத்தகைய தடைகள் வரத்தான் செய்யும் என்று தேற்றினார். அடுத்த வாரம் சென்றபோது அந்த அம்மையாரே உள்ளே அழைத்துச் சென்று தம் கையால் பரிமாறினார்.

புளியங்கொட்டையும் செய்தித்தாளும்

1939இல் போர் மூண்டபோது கலாம் அவர்களுக்கு ஏறத்தாழ எட்டு வயது. காரணம் தெரியாத வகையில் கடைவீதியில் புளியங்கொட்டைக்குத் திடீரென்று கிராக்கி ஏற்பட்டது. சிறுவர் கலாம் அவற்றைப் பொறுக்கிச் சேர்த்துப் பள்ளிவாசல் தெருவில் இருந்த மளிகைக் கடையில் கொடுப்பார். ஒரு நாள் சேகரிப்புக்கு ஓரணா கிடைக்கும்.

பின்னர், போர்க்கால நடவடிக்கையாக இராமேஸ்வரம் நிலையத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டது. இராமேஸ்வரத்திற்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் ரயிலிலிருந்து செய்தித்தாள் கட்டுகள் வீசப்படும். பத்திரிகை விநியோகித்து வந்த ஒன்றுவிட்ட சகோதரர் சம்சுதீனுக்கு அவற்றைப் பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த வேலை கலாம் அவர்களுக்குக் கிடைத்தது. தம் உழைப்பால் ஈட்டிய முதல் சம்பளத்தின் பெருமிதம் அரை நூற்றாண்டு கழிந்தும் மறையவில்லை என்கிறார்கள்.

அன்றாட நேரம் எவ்வாறு கழிந்தது என்பதையும் அன்னார் சொற்பொழிவுகளில் விவரித்துள்ளார்கள். விடியலில் நான்கு மணிக்குத் தாயார் எழுப்பிக் குளிக்கச் செய்து கணக்குப் பாடத்திற்கு அனுப்புவார்கள். அந்த ஆசிரியர் ஆண்டுக்கு ஐந்து மாணவருக்கு மட்டும் இலவசமாகக் கற்பிப்பவர். திரும்பியதும் தந்தையார் தொழுகைக்கும் ஓதப் பள்ளிக்கும் அழைத்துச் செல்வார்கள். அதன்பின் செய்தித்தாள் பணி, அதன்பின் பள்ளிக்கூடம், மாலையில் பத்திரிகைச் சந்தா வசூல், இரவில் மண்ணெண்ணெய் விளக்கடியில் படிப்பு. படிக்கும் மகனுக்காகத் தாயார் சிறு விளக்கு ஒன்றைத் தனியே ஒதுக்கிக் கூடுதல் நேரம் எரிய விட்டார்கள்.

ரேஷன் காலத்தில் நடந்த மற்றொரு நிகழ்ச்சி. ஒருநாள் கலாம் அவர்கள் பசியோடு சப்பாத்தி உண்டுகொண்டே இருந்தார்கள்; தாயார் வைத்துக்கொண்டே இருந்தார்கள். உண்டு முடித்த பின் தமையனார் தனியே அழைத்து, "அம்மாவின் பங்கையும் சேர்த்து நீ உண்டுவிட்டாய், உன்னிடம் இல்லை என்று சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை" என்ற பொருளில் உணர்த்தினார். மகன் ஓடிச் சென்று தாயைக் கட்டிக்கொண்டார். படிக்கும் பிள்ளையின் பின்னால் பசித்திருக்கும் தாய் ஒருத்தி இருப்பதை அந்தப் பிள்ளை ஒருநாள் அறிய வேண்டும். அறிவித்த தமையனாரும் நல்லதையே செய்தார்.

ஒரு பிள்ளையைச் சுற்றி எத்தனை பேர்!

இனி இக்கட்டுரையின் மையத்திற்கு வருகிறேன். வறுமையில் பிறந்தும் தம் முயற்சியால் உயர்ந்தார் என்று கலாம் அவர்களைப் பற்றி நாம் மேடையில் பேசுகிறோம். அது உண்மையே, ஆனால் முழு உண்மை அன்று. அன்னார் எழுதியதைக் கூர்ந்து படித்தால் அந்தச் சிறுவனைச் சுற்றி எத்தனை பேர் நின்றனர் என்பது விளங்கும்.

தந்தையார் இருந்தார், தாயார் இருந்தார். தம்மைவிடப் பதினைந்து வயது மூத்தவரான அகமது ஜலாலுதீன் இருந்தார். தாம் அதிகம் படிக்க இயலாமற்போனபோதும், அத்தீவில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் என்று பெயர் பெற்ற அவர், சிறுவரைப் படி படி என்று தூண்டிக்கொண்டே இருந்தார். எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்ற தேசியவாதி இருந்தார். புத்தகம் அரிதாக இருந்த அத்தீவில் தம் சொந்த நூலகத்தைச் சிறுவருக்குத் திறந்துவிட்டார். லட்சுமண சாஸ்திரிகள் இருந்தார். சிவசுப்பிரமணிய ஐயர் இருந்தார். உயர்நிலைக் கல்விக்காக இராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் சேரச் சென்றபோது ஜலாலுதீனும் சம்சுதீனும் உடன் சென்று சேர்த்துவிட்டனர். கிறிஸ்தவப் பாதிரியார் ஒருவரின் பெயர் தாங்கிய அப்பள்ளியில் ஐயாத்துரை சாலமன் என்ற ஆசிரியர், வீட்டு நினைவால் வாடிய மாணவருக்குத் தன்னம்பிக்கை ஊட்டினார். பிற்காலத்தில் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேரப் பணம் இல்லாதபோது, சகோதரி ஜொஹரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார்.

பெருமந்த காலத்தில் நாட்டின் தங்கம் எங்கே போயிற்று என்று மேலே எழுதினேன். கடனிலும் வட்டியிலும் கரைந்த தங்கம் திரும்பவில்லை. ஒரு சகோதரியின் கையிலிருந்து இறங்கிக் கல்விக்குச் சென்ற தங்கம் ஒரு குடியரசுத் தலைவராகத் திரும்பி வந்தது. 2002ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் அந்தச் சிறு பள்ளியின் மாணவர் இந்நாட்டின் பதினோராவது குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். 2015ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள், ஷில்லாங்கில் மாணவர்களிடையே உரையாற்றிக்கொண்டிருந்தபோதே அன்னாரின் உயிர் பிரிந்தது. பள்ளியில் தொடங்கிய வாழ்வு மாணவர்கள் முன்னிலையிலேயே முடிந்தது.

சோறும் கல்வியும்

எல்லாப் பிள்ளைகளுக்கும் இத்தனை துணை வாய்ப்பதில்லை. விருதுநகரில் 1903இல் பிறந்த காமராசர் இளமையிலேயே தந்தையை இழந்தார். தொடக்கப் படிப்போடு பள்ளியை விட்டுக் கடைக்கு வேலைக்குச் சென்றார். பசி பள்ளியிலிருந்து பிள்ளையை எவ்வாறு பிரிக்கிறது என்பதை அவர் பிறர் சொல்லி அறிய வேண்டியிருக்கவில்லை. 1954இல் முதலமைச்சரானதும் மூடிக்கிடந்த பள்ளிகளைத் திறந்தார். பள்ளி இல்லாத ஊர்களில் புதிய பள்ளிகளை ஏற்படுத்தினார். பள்ளிக்கு வரும் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளிக்கும் திட்டத்தை 1956இல் நம் மாவட்டத்து எட்டயபுரத்தில் தொடங்கிவைத்தார். 1982இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் சேர்ந்தது. ரேஷன் காலத்தில் ஒரு தாய் தன் பங்கைக் கொடுத்துச் செய்ததை, ஓர் அரசு எல்லாத் தாய்மாருக்குமாகச் செய்ய முற்பட்டது என்றே இதைக் கருத வேண்டும்.

ஆனால் அரசின் கை எல்லா இடத்தையும் எட்டுவதில்லை. எட்டிய கை சில சமயம் சுருங்கவும் செய்கிறது. சிறுபான்மை மாணவருக்கு மத்திய அரசு வழங்கிவந்த பள்ளிப் படிப்பு உதவித்தொகை, 2022-23ஆம் கல்வியாண்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு நிறுத்தப்பட்டது. தொகை சிறியதுதான். ஆனால் புத்தகப் பை, செருப்பு, நோட்டு என்று அதை எதிர்பார்த்திருந்த வீடுகளுக்கு அது சிறியது அன்று.

நாம் செய்யக்கூடியது

ஆகவே ஜமாஅத்தாரின் சிந்தனைக்குச் சில கருத்துகளைப் பணிவுடன் வைக்கிறேன். நம் மஹல்லாவில் எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் படிப்பை நிறுத்தும் நிலையில் உள்ள பிள்ளைகள் யார் யார் என்ற பட்டியல் ஆண்டுதோறும் நம்மிடம் இருக்க வேண்டும். சந்தாப் பட்டியலை எவ்வளவு கவனமாக வைத்திருக்கிறோமோ அவ்வளவு கவனமாக அதையும் வைத்திருக்க வேண்டும். மாணிக்கம் அவர்களின் நூலகத்தைப் போல, பள்ளிவாசல் வளாகத்தில் ஒரு சிறு அறையில் பாடநூல்களும் பொதுநூல்களும் மாலை நேரத்தில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்க வேண்டும். படித்த இளைஞர்கள் ஒவ்வொருவரும் ஐந்து பிள்ளைகளுக்கு, அந்தக் கணக்கு ஆசிரியரைப் போல, விலையின்றிக் கற்பிக்க வேண்டும். வீட்டுத் திருமணங்களில் ஒரு பங்குச் செலவைக் குறைத்து ஒரு பிள்ளையின் ஓராண்டுக் கட்டணத்தை ஏற்க வேண்டும். பெண்பிள்ளைகளையும் இப்பட்டியலில் சமமாகச் சேர்க்க வேண்டும். வளையலை அடகு வைத்த ஜொஹராக்கள் மட்டுமல்லாமல், படித்த ஜொஹராக்களும் நமக்கு வேண்டும்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட சகோதரரின் செய்தியைக் கூறி முடிக்கிறேன். அன்று நான் இந்தக் கதையில் பாதியைத்தான் சொல்லியிருப்பேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்னர், "கலாம் ஐயாவுக்குச் சுத்தி இத்தனை பேர் இருந்தாங்க ஹஜரத். என் பிள்ளைக்கு யாரு இருக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் நூல்களில் பதில் இல்லை. மறுவாரம் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த மூவர் தாமாக முன்வந்தனர். அவர்கள் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. பையன் இப்போது ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். மாலையில் மக்தபுக்கு வருகிறான். கணக்கு மட்டும் சற்றுக் கடினம் என்கிறான். யாரேனும் ஒருவர் கற்றுக்கொடுக்க முன்வந்தால் நலம்.

காலம் சரியில்லை என்பது எல்லாக் காலத்திலும் சொல்லப்பட்ட சொல். 1931இலும் சொன்னார்கள், 1939இலும் சொன்னார்கள். ஆயினும் அக்காலத்தில் ஒரு தீவில் பல சமயத்தவர் சேர்ந்து ஒரு பிள்ளையைக் கைவிடாமல் காத்தார்கள். நம் ஊரில் அந்தக் கேள்வி மறுபடியும் எழும்போது, "நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லும் ஜமாஅத்தாக நம்மை ஆக்கியருள வல்ல இறைவன் கிருபை செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.